இடது மூலைக் கீல்

மேசைப் பலகையில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்கு ஒரு மூடி. மூடியைத் திறந்து மூட இரண்டு கீல். முப்பது வருஷமாக ஆரணியில் மரவேலை செய்கிறவனுக்கு இது அரை நாள் வேலை. அந்த இரண்டு கீலைத் தேர்ந்தெடுக்க இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்ட ஒரு மனுஷியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். இந்த ஊரில் பட்டோடு சம்பந்தப்பட்ட யாரிடமாவது அந்தம்மா பெயரைச் சொன்னால், "கை சரியில்லாம போச்சே, அதுவா?" என்று கேட்பார்கள். அப்படி ஒரு பேச்சு வந்ததற்குப் பாதிக் காரணம் நான். பாதி என்றா சொன்னேன், முழுக் காரணமும் நான்தான்.

அந்தம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். புடவை பார்ப்பது அவர் தொழில். வாங்குவதற்காகப் பார்ப்பது இல்லை. சுற்றுக் கிராமங்களில் வீட்டுத் தறிகளில் நெய்து வருகிற பட்டுப் புடவைகளை ஒரு முதலாளி அவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். அந்தம்மா ஒவ்வொன்றையும் மேசைமேல் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் முழம் முழமாக நகர்த்தி, இழை விட்டிருக்கிறதா, ஜரிகை பிசகியிருக்கிறதா என்று பார்த்துச் சீட்டு எழுதி வைப்பார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நெய்தவனுக்கு அடுத்த பாவு கிடைக்கும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு. முதலாளி அதைக் கொடுத்தால் தறி ஓடும், கொடுக்காவிட்டால் சும்மா நிற்கும். ஆக, அந்தம்மாவின் விரல் நுனியில் எத்தனையோ வீட்டுச் சாப்பாடு இருந்தது.

அந்த விரல்களை அவர் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, பட்டத்து யானையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மோதிரம் கிடையாது. வளையல் கிடையாது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். புடவையைத் தொடுமுன் உள்ளங்கையில் பவுடர் தட்டிக்கொள்வார். ஒருநாள் விரித்திருந்த புடவையின் முந்தியை ஆசையாகத் தொடப் போனேன். "அண்ணா, உங்க கை வேணாம். அது உளி புடிச்ச கை, பட்டு மாட்டிக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் என் கையைப் பார்த்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

முதன்முதலில் அவர் என் பட்டறைக்கு வந்தபோது கையில் ஒரு மணிபர்ஸ் மட்டும் இருந்தது. புடவைகளைச் செல்போனில் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிற வேலையும் சேர்ந்துவிட்டதால் மேசைமேல் விளக்கு ஒயர், லேப்டாப் ஒயர், சார்ஜர் ஒயர் என்று ஒரே பின்னல். அதில் ஒரு புடவை சிக்கி, விளக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே விழுந்திருக்கிறது.

"ஒயரு எல்லாம் பலகைக்கு அடியில போயிடணும்ணா. மேல ஒண்ணும் தட்டக்கூடாது."

"அதுக்கு இன்னாம்மா, ரவுண்டா ஒரு ஓட்டை போட்டு பிளாஸ்டிக் மூடி வெச்சுடலாம். ஆபீஸ் மேசைல எல்லாம் அதான்."

"அதோட விளிம்பு மேல தூக்கிகினு இருக்கும். மாட்டும்."

"அப்போ மரத்துலயே மூடி போட்டு, கீலு வெச்சுத் தரேன்."

"கீலு எந்த எடத்துல வரும்?"

இந்த 'எந்த எடத்துல' என்ற கேள்வியை அதற்கப்புறம் அவர் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்றைக்கு அதன் அருமை தெரியாமல் ஒரு சாதாரணக் கீலை எடுத்து நீட்டினேன். இரண்டு தகடு, நடுவில் உருண்டையாக ஒரு முட்டு. அந்தம்மா பர்ஸைத் திறந்து ஒரு தீக்குச்சியை எடுத்தார். குச்சியில் ஒற்றைப் பட்டிழை சுற்றியிருந்தது. இழையைப் பிரித்து இரண்டு கையாலும் பிடித்து, கீலின் முட்டு மேல் மெல்ல இழுத்தார். நின்றது. "பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த இழையே கண்ணுக்குத் தெரியவில்லை.

"முட்ட செவுத்துப் பக்கம் வெச்சுடறேம்மா. பொடவ அங்க வராதே."

"அப்போ ஒயரு வெளிய வர்ற வெட்டு என் பக்கம் வரும். வெரலு வுட்டுத் தூக்கற எடமும் என் பக்கம் வரும். அதுல மாட்டாதாண்ணா?"

யோசித்தால் நியாயம்தான். ஒயர் வெளியே வருவதற்கு மூடியின் ஓர் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு வேண்டும். அது சுவர்ப் பக்கம் இருப்பதுதான் புடவைக்கு நல்லது. வெட்டு அந்தப் பக்கம் போனால் கீல் இந்தப் பக்கம், அதாவது புடவை நகர்கிற பக்கம், வந்தே தீரும். கண்ணுக்குத் தெரியாத கீலாக இருந்தால் போதாது, கைக்கும் தட்டாத கீலாக இருக்க வேண்டும். மற்ற ஊரில் கீலை மறைப்பது அழகுக்காக. இங்கே அது வயிற்றுப்பாடு.

அதிலிருந்து ஆரம்பித்தது பேஜார். சமையலறை அலமாரிக்குப் போடுகிற ஆட்டோ கீலை எடுத்துப் போனேன். அது அடிப்பக்கத்தில் கை நீட்டிக்கொண்டு, ஒயர் போக வேண்டிய வழியை அடைத்துக்கொண்டது. நீளவாக்கில் ஓடுகிற பியானோ கீலில் முட்டு நீளம் முழுக்க இருந்தது. மூடியின் இரண்டு பக்கமும் கம்பி செருகிவிடலாம் என்றேன். அப்படிச் செய்தால் திறக்கிற ஓரத்தை உருட்ட வேண்டும், உருட்டினால் சந்து விழும், சந்தில் பட்டு இறங்கும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் தீக்குச்சி வெளியே வரும், இழை நீளும், அந்தம்மா தலையை ஆட்டுவார்.

"என் பொண்ணுக்கு மாப்ள பாக்கசொல்லோ கூட இவ்ளோ நாளு ஆவலம்மா" என்றேன்.

"மாப்ள மேல பொடவ விரிக்கப் போறது இல்லியேண்ணா" என்றார், சிரிக்காமல்.

கடைசியில் வேலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில், தூசி படிந்த டப்பாவில் கிடைத்தது. சுண்டுவிரல் நுனி பருமனில் ஒரு பித்தளை உருளை, நடுவில் மடங்கும். பலகையின் விளிம்பில் ஒரு துளை, மூடியின் விளிம்பில் ஒரு துளை. பாதி அதற்குள், பாதி இதற்குள். மூடினால் மரத்தோடு மரம் ஒட்டி நிற்கும், கீல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. "நகைப் பொட்டி செய்யறவங்கதான் இத்த கேப்பாங்க" என்றார் கடைக்காரர். அந்தம்மா அதைக் கையில் வாங்கி மடக்கி மடக்கிப் பார்த்தார். இருபத்திரண்டாம் நாள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

இந்த அலைச்சலில்தான் அவருடைய குணம் எனக்குப் பிடிபட்டது. முதலில் நான் ஓட்டையை வலது பக்கம் வெட்டிவிட்டேன். அவர் இடது கைப்பழக்கம் உள்ளவர், விளக்கும் சார்ஜரும் இடது பக்கம்தான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நல்ல ஓரங்குலத் தேக்குப் பலகை பாழாகிவிட்டது. வேறு யாராவது இருந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பார்கள். அந்தம்மா வந்து பார்த்தார். "எந்த எடத்துல மாறிச்சுண்ணா?" என்று கேட்டார். நான் அளவு எழுதிய சீட்டை வாங்கி, அதில் மேசையை எதிர்ப்பக்கமிருந்து பார்த்து வரைந்திருப்பதைக் காட்டினார். "இங்க மாறியிருக்குது" என்றார். அவ்வளவுதான். 'நீங்க' என்ற ஒரு வார்த்தை வரவில்லை. திட்டினால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் தெருவில் குழாயடியில் ஒருநாள் பெரிய சண்டை. குழாயை உடைத்தது யார் என்று இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் ஏழு தலைமுறைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசைக் காலுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். அந்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திருகிப் பார்த்து, "வாஷர் தேஞ்சு போச்சுக்கா. யாரு தெறந்தாலும் உடைஞ்சிருக்கும்" என்றார். சண்டை நின்றது. ஆனால் இரண்டு பேருக்கும் அவர்மேல்தான் கோபம். நன்றாகச் சூடு பிடித்திருந்த சண்டை, அதில் வாஷரைக் கொண்டுவந்து போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

புடவை விஷயத்திலும் அப்படித்தான். சீட்டில் 'முந்தியிலிருந்து இரண்டாவது முழம், கரையோரம், ஓர் இழை' என்று இருக்கும். நெய்தவன் கவனமில்லாதவன், குடிகாரன் என்றெல்லாம் முதலாளி அவரைச் சொல்லவைக்கப் பார்ப்பாராம். "எடத்தக் கேளுங்க சொல்றேன். ஆளக் கேட்டா எனுக்குத் தெரியாது" என்பாராம். தேசூரில் அவர் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளின் நோட்டில் தப்பான எழுத்தை மட்டும் சுழித்துவிட்டுப் பெயரைப் பார்க்காமல் மூடி வைப்பாராம். அங்கிருந்து வந்த வழக்கமாக இருக்கலாம்.

ஒரே ஒரு தடவை அந்தக் குணம் அவரையே தடுக்கி விட்டதைப் பார்த்தேன். வீட்டுக்காரர் பிரிந்து போய் ஆறேழு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தனியாகத்தான் போய் வருவார். நான் வாய் சும்மா இருக்காமல், "தப்பு யாரு மேலம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா பட்டிழையைத் தீக்குச்சியில் சுற்றிக்கொண்டே, "எங்கயோ ஒரு எடத்துல வுட்டுப் போச்சுண்ணா. எடம் இன்னும் ஆப்புடல" என்றார். ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அவரிடம் எனக்குப் பிரியம் வந்தது அன்றைக்குத்தான். லேசான பயம் வந்ததும் அன்றைக்குத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மார்கழி கடைசி. தை பிறந்தால் கல்யாணக் கட்டில் வேலை குவிந்துவிடும். இந்த மேசை போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தேன். உருளைக் கீலுக்குத் துளை போடுவதில் ஒரு சங்கடம். துளை பலகையின் நடு மட்டத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறிவிட்டாலும் மேலே இருக்கிற மரம் மெலிந்துவிடும். மூடியின் இடது மூலையில் டிரில் அரை நூல் மேலே ஏறிவிட்டது. தச்சன் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அரை நூல் என்பது அதிலும் பாதி. கீலைச் செருகியதும் மேல் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. உள்ளே பித்தளை மினுக்கென்று தெரிந்தது.

புது மூடி அறுத்து, புதுத் துளை போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் வேலை. நான் என்ன செய்தேன் என்றால், மெழுகையும் மரத்தூளையும் பிசைந்து அப்பினேன். தேய்த்து மட்டமாக்கி, மேலே பாலிஷ் போட்டேன். எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம் இல்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் அது பேரன் காலம்வரை நிற்கும். மேசையைக் கொண்டுபோய்ப் போட்டேன். அந்தம்மா தீக்குச்சியை எடுத்தார். இடது மூலையில் மூன்று தடவை இழுத்தார். இழை வெண்ணெயில் போகிற மாதிரி போனது. "நல்ல வேலைண்ணா" என்றார். இருபத்திரண்டு நாள் பட்ட எரிச்சலுக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். உன் இழையை ஏய்த்துவிட்டேன் பார் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பங்குனி வெயில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு மூடிக்குக் கீழே, இடது பக்கம், விளக்கின் அடாப்டர் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டு கிடந்தது. மெழுகு இளகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது.

முள்ளிப்பட்டு ஏழுமலை நெய்த மயில்கழுத்து நிறப் புடவை ஒன்று. அந்தம்மா பார்த்துச் சரி என்று சீட்டு எழுதிப் போனது. முதலாளியின் கடையில் ஒரு கல்யாண வீட்டார் முன்னால் விரித்தபோது, புடவை உடலில் ஒரு சாண் நீளத்துக்கு இழை இழுத்துச் சுருங்கியிருந்தது. கல்யாண வீட்டார் முகம் சுளித்து எழுந்து போய்விட்டார்கள். முதலாளி அன்றைக்கே ஏழுமலைக்குப் பாவை நிறுத்திவிட்டார். "அவன் தறியிலயே இழுத்துக்கீறான். நீ கண்டுகினும் காணாத மாதிரி எழுதிக்கினு இருக்கற" என்று அந்தம்மாவிடமும் சொன்னாராம். "நான் பாக்கசொல்லோ அது இல்ல. என்கிட்ட இருந்து போறதுக்குள்ள எங்கயோ மாட்டியிருக்குது. எடத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று இவர் தவணை வாங்கியிருக்கிறார்.

ஏழுமலையின் தறி பத்தொன்பது நாள் நின்றது. அவன் சந்தவாசல் பக்கம் ஒரு சூளைக்குச் செங்கல் தூக்கப் போனான். நெசவாளிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. செங்கல் தூக்கின கை சொரசொரப்பாகிவிடும், அப்புறம் பட்டைத் தொட்டால் இழை ஒட்டிக்கொண்டே வரும்.

அந்தம்மா தன் வீட்டில் ஒவ்வொன்றாகத் தேடிவிட்டு எனக்குப் போன் செய்தார். "அண்ணா, கதவு, நாற்காலி, வெளக்கு எல்லாத்தையும் பாத்துட்டேன். மேசைய நீங்க ஒரு தபா பாத்துட்டுப் போங்க." போனேன். அவர் காபி போட உள்ளே போனார். நான் மூடியைத் தடவினேன். இடது மூலையில் விரல் நின்றது. அரிசி அளவுப் பள்ளம், ஓரத்தில் பித்தளை, அதன் முனையில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கண்ணுக்குத் தெரியாது என்றேனே, அந்த இழை அன்றைக்கு நன்றாகவே தெரிந்தது. பட்டு ஊரில் ஒரு தச்சன் செய்த மேசை புடவையைக் கிழித்தது என்று பேச்சு வந்தால், அப்புறம் எந்தத் தறிவீட்டு வாசப்படியை நான் மிதிப்பேன்? இதெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போய் அந்த இழையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

அந்தம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "இருக்குதாண்ணா?"

"மேசைல ஒண்ணும் இல்லம்மா."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இன்னொரு தபா பாருங்களேன்."

"அதான் பாத்தேன்னு சொல்றேன் இல்ல!" என்று குரலை உயர்த்தினேன். அந்த வீட்டில் குரலை உயர்த்திய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அந்தம்மா, "சரிண்ணா, காபி ஆறுது" என்றார். குடித்தேன்.

அதற்கு மறுநாள் அந்தம்மா முதலாளியிடம் போய், "மடிக்கசொல்லோ என் நகத்துல மாட்டிச்சு. தப்பு என் கையில" என்று சொல்லிவிட்டார். சதையோடு ஒட்ட வெட்டின நகம். அதில் பூனை முடிகூட மாட்டாது. முதலாளிக்கு நகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆள் கிடைத்துவிட்டது, அது போதும். ஏழுமலைக்குப் பாவு திரும்பக் கிடைத்தது. புடவை பார்க்கிறவரின் கையே பட்டை இழுக்கிறது என்றால் அவரிடம் யார் புடவை அனுப்புவார்கள்? இந்த முதலாளி நிறுத்தினார், மற்றவர்களும் கூப்பிடவில்லை. ஆவணிக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு தேசூருக்கே போய்விட்டார். போகும்போது மேசையை ஏழுமலை வீட்டுக்குக் கொடுத்து, "பொண்ணு படிக்கட்டும்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வழியனுப்ப நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இது நடந்து மூன்று வருஷம். நேற்றுக் காலையில் ஏழுமலை ஒரு குட்டி யானை வண்டியில் அந்த மேசையை ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். மூடி ஒரு பக்கம் சாய்கிறதாம். இறக்கிவைத்தோம். அவன் வாசலில் குந்திக்கொண்டான். நான் கீலின் திருகைத் தளர்த்தி மூடியைக் கழற்றித் திருப்பினேன்.

அடிப்பக்கம், இடது மூலையில், பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் செல்லோடேப் ஒட்டி, டேப்புக்கு அடியில் ஓர் இழை. மயில்கழுத்து நிறம் மங்கவே இல்லை. பக்கத்தில் அந்தம்மாவின் உருண்டை எழுத்தில் 'இங்க' என்று ஒரு வார்த்தை.

நான் பிய்த்துப் பையில் போட்டது பாதி இழை. மீதி பித்தளைக்கு அடியில் சிக்கியிருந்திருக்கிறது. நான் போன பிறகு அவர் இன்னொரு தபா பார்த்திருக்கிறார். கண்டுபிடித்திருக்கிறார். பிய்ந்த முனையைப் பார்த்தவருக்கு, பிய்த்தது யார் என்று தெரியாமலா இருக்கும்? மேசை என்று சொன்னால் முதலாளி அடுத்த வார்த்தையாக, செய்தவன் யார் என்றுதான் கேட்பார். சொல்லாவிட்டால் ஏழுமலையின் தறி நிற்கும். ஆள் பெயர் சொல்லியே தீர வேண்டும் என்று வந்தபோது, சொல்லத் தனக்கு உரிமை இருக்கிற ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார். மூடியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாண்ணா, அத்தயே பாத்துகினு கீற?" என்றான் ஏழுமலை.

மூடியை அவனிடம் நீட்டினேன். "ஒன் பொடவைய இழுத்தது இதான். துளையக் கோணலாப் போட்டது நானு. மெழுக வெச்சு மூடனதும் நானு. அன்னிக்கே பாத்தேன். இல்லன்னு சொன்னேன்."

ஏழுமலை வட்டத்துக்குள் விரலை வைத்துத் தடவினான். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இத்துனூண்டா?" என்றான். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "சூளைல இருந்து வந்து பத்து நாளு கைக்கு எண்ணெய் தேச்சேன்ணா, பாவத் தொட" என்றான். அப்புறம், "அந்த அக்காவுக்கு இப்பவே போன் போடு. நீ சொல்றத நான் கேக்கணும்" என்றான்.

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னான். அந்தம்மா எடுத்து, "சொல்லுங்கண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றார், நேற்றுத்தான் பேசினவர் மாதிரி.

"எடத்தப் பாத்துட்டேம்மா" என்றேன். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, இழை, சட்டைப் பை, காபி. அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு தையல் மெஷின் ஓடி நின்றது.

"துளை எவ்ளோ மேல ஏறி இருந்துச்சுண்ணா?" என்று கேட்டார்.

"அரை நூலும்மா."

"அவ்ளோதானா" என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. நான், "நாளைக்கு முதலாளிகிட்ட நானே போய்ச் சொல்லப் போறேம்மா. ஒங்க கை மேல தப்பு இல்லன்னு சொல்லணும்" என்றேன்.

"அது ஒங்க இஷ்டம்ணா. அதுக்கு முன்னாடி அந்தத் துளையக் கீழ எறக்கி வைங்க. ஏழுமலை பொண்ணு பண்டிகைன்னா பட்டுப் பாவாடை கட்டிகினுதான் அங்க ஒக்காந்து படிக்குமாம்."

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டான்.

புது மூடிக்குத் தேக்கு அறுத்து, இன்று சாயங்காலம்வரை இரண்டே இரண்டு துளை போட்டேன். ஏழுமலை வீட்டிலிருந்து கொண்டுவந்த பட்டிழையைத் தீக்குச்சியில் சுற்றி, இடது மூலையில் மூன்று தடவை இழுத்தும் பார்த்தேன். பழைய மூடி வட்டத்தோடும் இழையோடும் துணிப்பையில் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் அதை முதலாளி முன்னால் வைக்க வேண்டும். எந்த இடம் என்று அவர் கேட்க மாட்டார். யாரு என்றுதான் கேட்பார். என் பெயரைச் சொல்வேன்.